சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை ரேஸ்

எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் வீடு கட்டும் வேலை நடந்தால், சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாரும் சித்தாளும் மேஸ்திரியைச் சுற்றி நிற்பார்கள். சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகும், வாரக்கூலி கைக்கு வராமல் யாரும் நகர்வதில்லை. கார் பந்தயக் களம் மாதிரிப் பெரிய விஷயங்களில் இந்தச் சின்னப் புத்தி உதவாது.

கிரேட்டர் நொய்டாவைப் பாருங்கள். ஜேபி குழுமம் கட்டிய புத்தா களத்தில் 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். நிலம் போன விவசாயிகள் கூடுதல் இழப்பீடு கேட்டு, பந்தயத்தை மறிப்போம் என்றார்கள். பந்தயத்துக்குக் கொடுத்த வரிவிலக்கை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம், டிக்கெட் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தனிக்கணக்கில் போடச் சொன்னது. பந்தயம் நடந்த மூன்று வருஷமும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். அதாவது, ஒருவருக்காவது லாபம். 2013-க்குப் பிறகு அந்தப் பந்தயமே வரவில்லை. 2020-இல் ஜேபி குழுமம் வைத்த பாக்கிக்காக யமுனா விரைவுச்சாலை ஆணையம் நில ஒதுக்கீட்டையே ரத்து செய்தது.

ஆணையத்துக்கே பாக்கி வசூல் ஆகாத நாட்டில் சித்தாள் தன் கூலிப் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பார்? ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் வேலை கொடுத்த நிறுவனமே கூலி தர வேண்டும் என்று 1970-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்துக்குள் துணை ஒப்பந்தம், அதற்குள் இன்னொன்று என்று இறங்கினால், கடைசியில் அகப்படுவது செல்போனை அணைத்துவிட்ட ஒரு மேஸ்திரிதான்.

நம் பக்கமும் ரேஸ் களம் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் வடம் பிடிப்பவர்களுக்கும் கூலி இல்லைதான். ஆனால் தருகிறோம் என்று சொல்லி யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை.