இடியோபதிக்: ஒரு பெயரடையின் பெருவாழ்வு

1. சொல்லாராய்ச்சி

'இடியோபதிக்' என்னும் ஆங்கிலப் பெயரடைக்கும் இடியாப்பத்துக்கும் உறவில்லை. சிக்கல் மட்டுமே பொது. கிரேக்கத்தில் 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது, 'பாதோஸ்' என்றால் துன்பம். வேறொன்றால் வராமல் தானாகவே எழுந்த நோய் என்பது பழைய பொருள். ஏன் வந்தது என்று தெரியவில்லை என்பது இன்றைய பொருள். யாரும் செதுக்காத மூலவரைச் சுயம்பு என்று கும்பிடுகிறோமே, ஏறக்குறைய அந்த மரியாதை இங்கே நோய்க்குக் கிடைக்கிறது.

2. களச் சான்று

"காரணம் தெரியலை" என்று மருத்துவர் சொன்னால், அந்தக் குடும்பம் அன்று மாலையே வேறு டாக்டரிடம் டோக்கன் போடும். "இது இடியோபதிக்" என்றாலோ கைகூப்பி எழுந்துவிடும். அறைக்கு வெளியே வந்ததும் மைத்துனருக்குப் போன் போகிறது: "பயப்பட ஒண்ணுமில்லையாம் மாப்ளே, இடியோபதிக்காம்!" அந்த 'ஆம்' விகுதியை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். டாக்டருக்குத் தெரியாத ஒன்று, அரை நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்த ஒன்றாகிவிட்டது.

3. வகைப்பாடு

இக்குலத்தில் வேறு இரு கிளைகளும் உண்டு.

அ) எசென்ஷியல்: உயர் ரத்த அழுத்தக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வகைதான், இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. குறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் அத்தியாவசியம் என்று நம்பிய காலத்துப் பெயர். நம்பிக்கை போய்விட்டது, பெயர் போகவில்லை.

ஆ) கிரிப்டோஜெனிக்: மூளை ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு. காரணம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஆகவே குற்றம் ஒளிந்தவர் மேல். தேடியவர் மேல் அல்ல.

4. பதவியிழப்பு

காரணம் அகப்பட்டதும் இப்பெயரடை நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் குறையும் 'ஐ.டி.பி.' நோயில் முதலெழுத்து 'இடியோபதிக்'கைக் குறித்தது. உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கிறது என்று தெளிந்ததும் அங்கே 'இம்யூன்' வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து என்பதால் சுருக்கப் பெயரை மாற்றும் செலவு மிச்சம்.

5. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

இது அறியாமைக்குக் கோட்டு மாட்டிவிடும் வேலை என்பார்கள். அவர்கள் அல்சரைப் பார்க்கட்டும். காரமும் கவலையும்தான் காரணம் என்று வெகுகாலம் அடித்துச் சொன்னார்கள். 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், எச். பைலோரி கிருமி வளர்ந்த கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அல்சருக்குப் பின்னால் அந்தக் கிருமி இருப்பதைக் காட்டியதற்காக 2005இல் அவருக்கும் உடன் ஆய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. அதுவரை 'இடியோபதிக்' என்றே எழுதியிருந்தால் மிளகாயின் மானம் தப்பியிருக்கும். இன்று கிருமியும் இல்லாமல், வலிமாத்திரையும் விழுங்காமல் வரும் அல்சருக்கு முறைப்படி அந்தப் பெயரே வழங்குகிறது. தெரிந்த மாதிரிச் சொல்வதைவிட, தெரியாததற்குப் பெயர் வைப்பது யோக்கியம்.

6. பரிந்துரை

இச்சொல்லை இல்லறத்துக்கும் விரிக்கலாம். மாதக் கடைசிக்கு முன்பே தீரும் சம்பளம் எசென்ஷியல். ஜோடியில் ஒன்று மட்டும் காணாமல் போகும் சாக்ஸ் கிரிப்டோஜெனிக். கல்யாண வீட்டில் பெரியப்பா பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டால், விசாரிப்பவர்களிடம் 'இடியோபதிக்' என்று சொல்லிவிடலாம். பெரியம்மா மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். முழுக் கேஸ் ஹிஸ்டரியும் அவரிடம் இருக்கிறது.