கலைச்சுவிடு மருமோனே!

ஸ்காபரோவிலை இருந்து மருமோன் வாட்ஸ்அப்பிலை எடுத்துச் சொல்லிப்போட்டான்: உலகக் கிண்ணத்திலை இந்தச் சில்லறை டீமுகளை ஏன் சேர்க்கிறாங்கள், பாக்கிற எங்களுக்கு நேரம் வீண் எண்டு. நான் மறுத்துக் கதைப்பனோ? மாதாமாதம் காசு அனுப்புற பிள்ளை. "நீ சொல்லுறதுதான் சரியடா மோனே, எல்லாரையும் கலைச்சுவிடு" எண்டன்.

ஆனால் கலைக்கிறதெண்டால் ஒழுங்குமுறையாய்க் கலைக்கவேணும். ஆரிலை தொடங்குவம்?

2003இலை தென்னாபிரிக்காவிலை ஒரு சில்லறை டீம் இலங்கையிட்டை 36 ஓட்டத்துக்குப் படுத்தது. ஒருநாள் உலகக் கிண்ணத்திலை அதைவிடக் குறைய எடுத்த ஆக்கள் இல்லை. பேர் கனடா. கோவிக்காதை. நாலு நாள் கழிச்சு அதே கனடாவின்ரை ஜோன் டேவிசன் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 67 பந்திலை சதம் போட்டான். உலகக் கிண்ணத்திலை அதுவரைக்கும் அவ்வளவு கெதியாய் ஒருத்தரும் அடிச்சதில்லை. அதுக்கு அடுத்த நாள், கனடாவைச் சுருட்டின எங்கட ஆக்கள் நைரோபியிலை கென்யாவிட்டை 53 ஓட்டத்தாலை வாங்கிக் கட்டினவை. ('எங்கட' எண்டு சொல்லலாமோ எண்டது வேறை வழக்கு. அதை இன்னொரு நாளைக்கு வைப்பம்.)

அடுத்தது இலங்கையைக் கலைப்பம். 1975, முதல் உலகக் கிண்ணம். மேற்கிந்தியத் தீவுகளோடை 86க்கு எல்லாரும் வெளியிலை. நீ அப்ப லண்டனிலை இருந்திருந்தால் அண்டைக்கே கப்பலிலை ஏத்தி விட்டிருப்பாய். நாலு நாள் பொறுத்து ஓவல் மைதானத்திலை அவுஸ்திரேலியா 328 அடிச்சுது. ஜெஃப் தொம்சன் எறிஞ்ச எறியிலை துலீப் மெண்டிஸுக்குத் தலையிலை, சுனில் வெத்தமுனிக்குக் காலிலை. ரெண்டு பேரும் ஆசுப்பத்திரிக்குப் போச்சினம். மிச்சம் நிண்டவை 276க்கு நாலு விக்கெட் எண்டு முடிச்சினம். தோல்விதான், சந்தேகமில்லை. அந்தச் சில்லறைதான் 1996இலை லாகூரிலை அதே அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டாலை வெண்டு கிண்ணம் தூக்கினது.

கால்பந்துக்கு வருவமோ? 1986இலை கனடா மூண்டு ஆட்டம், மூண்டும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. 2022இலை கட்டாரிலையும் மூண்டும் தோல்விதான். ஆனால் குரோஷியாவுக்கு எதிராய் ஆண்கள் உலகக் கிண்ணத்திலை கனடாவுக்கு முதல் கோல் அடிச்சவன் அல்போன்சோ டேவிஸ்; கானாவிலை ஒரு அகதி முகாமிலை பிறந்த பொடியன். அகதியாய்ப் போனவைக்குக் கனடாவிலை ஒரு இடம் கிடைக்கும் எண்டது உனக்குத் தெரியாத சங்கதியோ? 2026 கிண்ணத்துக்குக் கனடா தகுதிச் சுற்று விளையாடாமல், வீட்டுக்காரர் எண்ட உரிமையிலை உள்ளட்டது. அதே கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற குராசோ தீவிலை ஒண்டரை இலட்சம் சனம்தான், எங்கட யாழ்ப்பாண மாவட்டத்திலை மூண்டிலை ஒரு பங்குகூட வராது. அதுகள் விளையாடி வெண்டு வந்ததுகள்.

உண்மையான சங்கதி வேறை. 2007 கிரிக்கெட் உலகக் கிண்ணத்திலை, மார்ச் 17 எண்ட ஒரே நாளிலை, வங்கதேசம் இந்தியாவையும் அயர்லாந்து பாகிஸ்தானையும் விழுத்திச்சினம். பெரிய வீட்டுக்காரர் ரெண்டு பேரும் முதல் சுற்றோடை வீட்டை. ரிவிக்காரருக்கு வயித்தெரிச்சல். 2019இலை கிரிக்கெட் உலகக் கிண்ணம் பத்து டீமாய்ச் சுருங்கிச்சு. இந்தியாவுக்கு ஒன்பது ஆட்டம் நிச்சயம். சின்னவன் தோக்கிறான் எண்டோ கலைச்சவை? இல்லை மோனே, வெண்டுபோடுவான் எண்டு.

எங்கட மாட்டுவண்டிச் சவாரியிலை பார், மாட்டின்ரை தரத்தைப் பார்த்துப் பிரிவு பிரிச்சுத்தான் ஓட விடுறவை. இளங்கண்டைத் திடலுக்குக் கொண்டுவராதை எண்டு ஒருத்தனும் சொன்னதில்லை. சுற்றைப் பிரி, விளையாட விடு. அதுக்கு மேலை எனக்கு அறிவில்லை.

சரி, நீ சொன்ன சட்டத்தையே வைப்பம். உன்ரை மூத்தவன் பள்ளிக்கூட டீமிலை போன கிழமை ஒன்பதுக்கு ஒண்டு எண்டு தோத்தவனாம், கொம்மா சொன்னவ. அந்த ஒண்டை அடிச்சதும் அவன்தானாம். பிள்ளையைக் கூப்பிட்டு, இனி மைதானத்துக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லன். போனை வைச்சிடாதை, நானும் கேக்கிறன்.