புது பிரேக், பழைய பெயிண்ட்

மதுரையில் ஒரு கார் ரோட்டில் இறங்குவதற்கு முன் அதற்குச் செய்யவேண்டியவை என்று ஒரு வரிசை இருக்கிறது. முன்னால் எலுமிச்சையும் மிளகாயும். பின்கண்ணாடியில் மீனாட்சி துணை அல்லது கருப்பசாமி துணை, அதற்குக் கீழே அப்பா அம்மா ஆசீர்வாதம், அதற்கும் கீழே பிள்ளைகளின் பெயர். பாண்டி கோயிலில் பூஜை, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். இவ்வளவும் முடிந்து கண்ணாடியில் இடம் மிச்சமிருந்தால், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். பிரேக் இந்த வரிசையில் எங்கேயும் வராது. அது சாமி பொறுப்பு.

என்னுடையது 2006 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1983 டிசம்பரில் முதல் வண்டியைக் கொடுத்த கம்பெனி 2014 ஜனவரியில் இந்த மாடலை நிறுத்திவிட்டது, நான் நிறுத்தவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் எனக்கு முந்தி வைத்திருந்தவரே ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டியிருந்தார். அவர் ரசிகர். கியர் தலையில் மண்டையோடு, காலடியில் நீல விளக்கு, டேஷ்போர்டில் தலையாட்டும் நாய்க்குட்டி. வண்டியின் நிறம் மட்டும் ஒரு காலத்தில் வெள்ளை.

தங்கச்சி பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயிலில். நான் தாய்மாமன். என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். சீட்டு எடுத்ததில் சீர் செலவெல்லாம் போக இருபதாயிரம் ரூபாய் மிஞ்சியது. அது வண்டிக்கு என்று முடிவானது. வண்டியில் எதற்கு என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"தாய்மாமன் வண்டி இப்படியா போய் நிக்கும்? பாக்குறவய்ங்க என்ன நினைப்பாய்ங்க?" என்றாள் வீட்டுக்காரி. அவள் தம்பி, என் மச்சினன், போனைத் திறந்து படம் காட்டினான். பதிமூணு இஞ்ச் அலாய் வீல். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம். முன்பக்கம் மாடு முட்டினாலும் அசையாத இரும்புக் கம்பி. ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹாரன்.

"மாப்ள, கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு 2012-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சுடா."

"சரி மாமா, கம்பி?"

"2017 டிசம்பர்ல மத்திய சர்க்கார் எல்லா மாநிலத்துக்கும் லெட்டர் போட்டுச்சு, கம்பி வச்ச வண்டியைப் பிடிங்கன்னு. இடிச்சா முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கணும். கம்பி இருந்தா அடி நேரா உள்ள வரும், ஏர்பேக்கும் ஒழுங்கா விரியாது."

"நம்ம வண்டியிலதான் ஏர்பேக்கே இல்லயே மாமா." அது உண்மை. என் வண்டிக்குள் ஏர் வருவது கதவு இடுக்கு வழியாக மட்டும்தான்.

கடைசியில் மெக்கானிக் அண்ணனிடம் போனோம். (அவர் என்னைவிட இளையவர். என்னையும் அண்ணே என்பார். மதுரையில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் அண்ணனாக இருப்பதில் யாருக்கும் குழப்பமில்லை.) வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஒரு இரும்புத் தகட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"பிரேக் பேடுண்ணே."

"தகடு மட்டும்தான இருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அப்புறம் டயர். பட்டன் சுத்தமாக இல்லை. காருக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. ஸ்கேல் வைத்து அளக்கக்கூடத் தேவையில்லை. பள்ளத்துக்குள் அங்கங்கே ஒரு சின்ன ரப்பர் மேடு வைத்தே வார்த்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கதை முடிந்தது. என் டயரில் மேடும் தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் நாலு எண்கள்: 3611. அதாவது 2011-ஆம் வருடம் 36-ஆவது வாரம் செய்த டயர். காது குத்தப்போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் மூத்தது. முறைப்படி பார்த்தால் முதல் காது அதற்குத்தான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். செம்மண் நிறத்தில் ஒரு திரவம். மதுரையைச் சுற்றிப் பல ஏரியாவில் போர் தண்ணி உப்பு. குடிக்க முடியாத அந்தத் தண்ணியை முந்திய ஓனர் வண்டிக்குக் கொடுத்திருக்கிறார். உப்பு உள்ளே படிந்து குழாயெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. கூலன்ட் என்று நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு ஒரு சமாச்சாரம் விற்கிறது. துருப்பிடிக்க விடாது, சீக்கிரம் கொதிக்கவும் விடாது. நாய்க்குட்டியின் விலையைவிட அதிகம்தான்.

மச்சினன் கடைசி முயற்சியாக, "பிரேக் ஆயில் ஃபுல்லா இருக்கே, அதை ஏண்ணே மாத்தணும்?" என்றான். மெக்கானிக் அண்ணனுக்கு இப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து உள்ளே குமிழி கட்டும். அப்போது மிதித்தால் பெடல் தரைவரை போகும். வண்டி அதற்குமேலும் போகும். அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்கிறார்கள் என்று விளக்கி, "ஆண்டிபட்டிக் கணவாய் வழியாத்தான போறீங்க?" என்று முடித்தார். மச்சினன் போனைப் பாக்கெட்டில் வைத்தான்.

நாலு டயர், முன்பக்கம் பேடு, பின்பக்கம் ஷூ, பிரேக் ஆயில், ரேடியேட்டர் கிளீனிங், கூலன்ட், வெடித்திருந்த ஒரு ஹோஸ், வைப்பர் ரப்பர், கூலி. இருபதாயிரத்தில் முந்நூற்றுச் சொச்சம் மிஞ்சியது. வண்டி பட்டறைக்குள் எப்படிப் போனதோ அப்படியே வெளியே வந்தது. வீட்டுக்காரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "காசை எங்க போட்டீங்க?"

எனக்கு இது பழகிய கேள்வி. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். புத்தகத்தில் இல்லாத பிழைக்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

இத்தனைக்கும் இது வண்டிப் பராமரிப்புக்குப் பெயர் வாங்கிய ஊர். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் பஸ்ஸை வைத்துக் கடிகாரத்தில் நேரம் சரிபார்த்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியில் எரிவாயு உண்டாக்கும் கருவியைச் செய்து வண்டி ஓடவைத்தார்கள். அந்தக் கருவியை மாட்டிய பஸ் பார்க்க அழகாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் வந்து சேர்ந்தது.

காதுகுத்தன்று விடியற்காலையில் கிளம்பினோம். செக்கானூரணி, உசிலம்பட்டி, அப்புறம் கணவாய். ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. இறக்கத்தில் செகண்ட் கியரில் விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மிதித்தேன். நின்றது. கோயில் வாசலில் போய் நிறுத்தினேன். அங்கேயும் நின்றது. வழியில் ஒன்றுமே நடக்கவில்லை. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து நான் வாங்கியது அந்த ஒன்றுமே நடக்காததைத்தான். அதைத் தாம்பாளத்தில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோக முடியவில்லை.

அலாய் வீல் போட்ட சம்பந்தி வீட்டு வண்டி ஒன்று எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. அதுவும் வழியில் எங்கேயும் படுக்கவில்லை. படுத்திருந்தால் எனக்கு ஒரு கதை கிடைத்திருக்கும். அந்த வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. என் வண்டியின் பானெட்டில் யாரோ வாழைத்தாரைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

எனக்கிருந்த ஒரே நம்பிக்கை பெரியப்பா. பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். கேட்காமலே வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து டயர் பட்டனில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்துப் பிடித்தார். பெடல் இறங்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி (வாழைத்தாரை இறக்க வேண்டியிருந்தது) ஹோஸை அமுக்கிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"டயர், பிரேக்கு, ஹோஸு எல்லாம் புதுசு."

"ஆமா பெரியப்பா."

"பெயிண்ட்டுக்குக் காசு பத்தலையாக்கும்?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

திரும்பி வந்ததும் ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. மிஞ்சிய முந்நூறு அலங்காரத்துக்கு. ஆனால் வாசகம் என்னுடையது. பைபாஸ் ரோட்டில் ஒரு ஸ்டிக்கர் கடைக்குப் போய், "புது பிரேக். சட்டென்று நிற்கும். தள்ளி வரவும்" என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி இரண்டுதரம் படித்துப் பார்த்தான்.

"அண்ணே, பக்கத்துல யாரு படம்ணே?"

"படமெல்லாம் வேணாம்பா. எழுத்து மட்டும் போதும்."

"படம் இல்லாம எப்படிண்ணே? மதுரையில யாருண்ணே படிப்பா?"

நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பிரேக்கைப் போட்டவரின் படமே இருக்கட்டும் என்று மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்து போட்டோ கேட்டேன். "எதுக்குண்ணே அதெல்லாம்? வண்டி நின்னா போதாதா?" என்று கூச்சப்பட்டார். சாயங்காலமே அனுப்பிவிட்டார். ஸ்டூடியோவுக்குப் போய், வெள்ளை வேட்டி சட்டையில், கூலிங்கிளாஸ் போட்டு, வண்டிச்சாவியை விரலில் சுழற்றியபடி எடுத்திருக்கிறார். பின்னால் ஒரு கார் நிற்கிறது. அதற்கு அலாய் வீல்.