கரையைக் காணவில்லை, ஐயா

தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தார் சமூகத்துக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். சித்தன்னவாசலோடு திரும்பிவிடுகிறவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் கடல் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் கரை அது.

2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடத்தை விரித்துக் கருத்துக் கேட்டீர்கள். படத்தை முடித்த பிறகு கேட்டதுதான் நேர்த்தி. முன்னாலேயே கேட்டிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பார்கள். மீன் இறக்கும் இடத்தைக் காணோம், வலை காயப்போடும் மணலைக் காணோம், வருங்கால வீடுகளுக்கான திட்டம் எங்கே என்று தமிழகக் கடற்கரை நெடுக மீனவர் அமைப்புகள் கேட்டன. நன்றி கெட்டவர்கள்! கருவாடு இல்லாத கரை எவ்வளவு சுத்தம்! முதலீட்டாளர் எவரும் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை.

இதையெல்லாம் படத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னதாம். அதற்குத்தான் 1:4000 அளவுப் படம். அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் நான்கு மீட்டர். இருபது மீட்டர் கருவாட்டுக் களம் அரை சென்டிமீட்டர் ஆகும். பென்சில் முனைக்குத் தாராளமாக அடங்கும். செயற்கைக்கோள் படம் பார்த்து வரைகிறவர்களுக்குத்தான் வாசனை எட்டுவதில்லை.

மீனவருக்குப் படம் புரியாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஜெகதாப்பட்டினத்து விசைப்படகில் ஏறிப் பாருங்கள், ஜிபிஎஸ் இருக்கும். 1974இல் இரண்டு அரசுகள் பாக் நீரிணையில் போட்ட கோட்டை அதில் பார்த்துக்கொண்டுதான் வலை விடுகிறார்கள். கோடு தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கும், படகு போகும். கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தண்ணீரில் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர், தன் வீட்டு வாசலில் நீங்கள் போடும் கோட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. நல்ல நியாயம்.

பெண்கள் வேறு இருக்கிறார்கள். அறிவொளி இயக்கக் காலத்தில், 1990களின் தொடக்கத்தில், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. படத்திலுள்ள சர்வே எண்ணைப் படிக்கக் கற்க எத்தனை நாள் ஆகும்? ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கண்ணூர்ப் பக்கம் கல்யாசேரியில் அதே காலத்தில் ஊர்க்காரர்கள் கையிலேயே சர்வே படத்தைக் கொடுத்து, ஊரின் வளங்களைக் குறிக்கும் வளப்படம் வரையச் சொன்னார்கள். 1996இல் கேரளம் முழுக்க, ஊர்த் திட்டத்தை ஊராரே தீட்டும் மக்கள் திட்டமே வந்துவிட்டது. ஆகவே ஜாக்கிரதை.

துணிவு வந்தால் ஏப்ரல் 15க்கு மேல் வாருங்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். அச்சடித்த படம் வேண்டாம். சர்வே எண் மட்டும் உள்ள வெற்றுத் தாளும் நாலு பென்சிலும் போதும். தாளைத் தரையில் விரித்து, பென்சிலை அவர்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
படத்தில் இல்லாத கரையிலிருந்து ஒருவன்