நான்கெல்லைக்கு உட்பட்ட லிஸ்பன்

எங்கள் அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்தவர். எந்த இடத்தையும் அவர் இடமாகப் பார்க்க மாட்டார், சொத்தாகத்தான் பார்ப்பார். கிழக்கே யார், மேற்கே யார், வண்டிப்பாதை உண்டா, வில்லங்கம் உண்டா? தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்து, “பின்னாடி ஆறு ஓடுது, வெள்ளம் வந்தா கஷ்டம்” என்று மட்டும் சொன்ன மனிதர். 2019 மே மாதம் அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போர்ச்சுகல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனுக்குப் போனோம்.

ஏன் லிஸ்பன் என்று கேட்காதவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு மாமி, “ஸ்விட்சர்லாந்து டிக்கெட் கிடைக்கலையா?” என்று துக்கம் விசாரித்தார். ஸ்விட்சர்லாந்து செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்த என் கணவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்த மௌனத்தில் புகுந்து, “ரொனால்டோ ஊருக்குப் போவோம்” என்றான் மகன். ரொனால்டோ பிறந்தது லிஸ்பனிலிருந்து வெகுதூரத்துத் தீவான மதெய்ராவில் என்பதையும், அந்த வருடம் அவர் இத்தாலியில் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதையும் விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னான்.

அப்பா பச்சை நாடா கட்டிய கோப்பு ஒன்றைத் தயார் செய்தார். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் சுயச் சான்று. லிஸ்பன் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டை மட்டும் கேட்டார். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. கேட்காமலே தன் ஓய்வூதிய ஆணையையும், 1979இல் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையின் நகலையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். அதிகாரி கல்யாணப் பத்திரிகையில் இருந்த பிள்ளையாரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி அனுப்பினார். “பாத்தியா, பேப்பர் சுத்தமா இருந்தா எங்கயும் நிக்க வேண்டியதில்ல” என்றார் அப்பா.

அல்ஃபாமா என்னும் பழைய பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு பிடித்திருந்தோம். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. இனி கைஜாடைதான் என்று நான் தயாரானபோது, அந்த அம்மாள் ஒரு கொத்தை ஆட்டிக் காட்டி, “ஷாவ்” என்றார். சுவரோரம் போய், “அர்மாரியு.” நடுக்கூடத்தில், “மேஸா.” குளியலறையில், “துவால்யா.” கடைசியாகத் தெருப்பக்கம் திறந்து வைத்து, “ஜனேலா!”

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். “மக்ளே, சாவி, அலமாரி, மேசை, துவாலை, ஜன்னல்னு சொல்லுதா. இவ நம்ம ஊர்க்காரி ஆக்கும். கொஞ்சம் வெளுத்துப் போயிருக்கா, அவ்வளவுதான்.”

அம்மா நாகர்கோவில் பக்கம். அந்தக் கடற்கரைக்குப் போர்ச்சுக்கீசியர் வந்து போய் ஐந்நூறு வருடம் ஆகப் போகிறது. மிளகை மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சாவியையும் ஜன்னலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த விவரத்தை நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா அந்த அம்மாளோடு பால்கனிக்குப் போய்விட்டாள். அதற்கும் அவர்கள் ஊரில் வராண்டா என்றுதான் பேர். எதிர்வீட்டு ஜன்னலில் உள்பாவாடை முதல் போர்வை வரை காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அந்த ஊர் மேல் முழு நம்பிக்கை வந்தது அந்தக் கணத்தில்தான்.

நம்பிக்கை அளவுக்கு மீறிப் போனதுதான் சிக்கல். மறுநாள் காலை தெருமுனைக் கடையில் வேலை செய்த பெண்ணிடம், நான் தடுப்பதற்குள், “ஒரு சாயா” என்றாள் அம்மா. அந்தப் பெண் குனிந்து தன் பாவாடையைப் பார்த்துக்கொண்டாள். அம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாக, “சாயா, சூடா” என்று விரலால் சுட்டிக் காட்டினாள். பிறகுதான் கைபேசியில் தேடிப் பார்த்தேன். போர்ச்சுக்கீசிய மொழியில் ‘ஷா’ என்றால் தேநீர், ‘சாயா’ என்றால் பாவாடை. பெண் சிரித்துவிட்டு வெந்நீரும் நூல் கட்டிய பொட்டலமும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா, “இதுக்குப் பாவாடையே தேவலாம்” என்றாள்.

லிஸ்பன் ஏழு குன்றுகளின் ஊர் என்று புத்தகங்களில் அழகாக எழுதியிருக்கும். அதை முட்டிக்கால் உள்ளவர்கள் வேறு மாதிரி மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். என் கணவர் கைபேசி வரைபடத்தைப் பார்த்து, “எட்டு நிமிஷ நடைதான் மாமா” என்பார். அந்த எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் படிக்கட்டு. தரையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லும் சிறுசிறு துண்டாகப் பதித்த கோலம். நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் நடந்து நடந்து வழவழவென்று ஆகியிருந்தது. ரோசியு சதுக்கத்தில் முழுக்க அலை அலையாக அந்தக் கோலம். அம்மா அதன் ஓரத்தில் நின்று, “இதுல எறங்கினா நனையுமோ?” என்றாள். வீடுகளின் வெளிச்சுவரில் நீலப் பூ போட்ட ஓடுகளைப் பார்த்ததும், “குளியலறை டைல்ஸைக் கொண்டுபோய் வெளியில ஒட்டியிருக்கான், கொத்தனாரு கிட்ட ஒழுங்கா சொல்லல போலிருக்கு” என்றாள்.

அப்பாவுக்குப் பிடித்த ஒரே பகுதி நகரின் நடுவில் இருக்கும் பைஷா. 1755 நவம்பர் 1ஆம் தேதி காலையில் பூகம்பம் வந்து, பின்னாலேயே கடல் பொங்கி, மிச்சத்தைத் தீ தின்றுவிட்டது. அதன் பிறகு பொம்பல் என்ற மந்திரி அந்தப் பகுதியைக் கட்டம் போட்டு, நேர்நேரான தெருக்களாக மறுபடி கட்டினார். அப்பா தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். “அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டு” என்றார்.

ஏற முடியாதவர்களுக்கு டிராம் இருக்கிறது. 28ஆம் நம்பர். 1930களில் செய்த மஞ்சள் நிற ஒற்றைப்பெட்டி, உள்ளே மரப்பலகை. வீட்டுச் சுவரை உரசுகிற மாதிரி சந்துகளில் வளைந்து போகும். ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்ததால், அப்பா பணத்தைப் பனியனுக்குள் தைத்த பையில் போட்டு, அதன் மேல் சட்டை, சட்டை மேல் ஸ்வெட்டர் என்று மூன்று பூட்டு போட்டிருந்தார். நடத்துநர் இல்லாத வண்டி, டிரைவரிடமே டிக்கெட். அப்பா பணத்தை எடுக்க ஆரம்பித்ததும் வரிசையில் பின்னால் நின்றவர்கள் திரும்பிக்கொண்டார்கள். ஸ்வெட்டரும் சட்டையும் கழல்கிற வேகத்தைப் பார்த்தால் யார்தான் நிற்பார்கள்? கடைசியில் என் கணவர் கொடுத்தார்.

கூட்டம் என்றால் நம் ஊர் கூட்டம். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கதவு ஒரு பக்கம், அம்மா மறுபக்கம். “எறங்கணும், எறங்கணும்” என்று அம்மா தமிழில் சொன்னதற்கு ஒரு ஜெர்மன்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒவ்வொருவராக இறங்கி வண்டி காலியான பிறகுதான் எங்களால் நகர முடிந்தது. அதற்குள் கடைசி நிறுத்தம். பெயர் பிரசேரெஸ். மகன் கைபேசியில் அர்த்தம் பார்த்தான். “இன்பங்கள்னு அர்த்தம் தாத்தா!” அப்பா உற்சாகமாக இறங்கினார். எதிரே பெரிய வாசல், உள்ளே வரிசையாக ஊசியிலை மரங்கள், மரங்களுக்கு நடுவே குட்டிக் குட்டி வீடுகள். கதவு, படி, லேஸ் திரை எல்லாம் வைத்த வீடுகள். அம்மா ஒரு கதவின் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் இரண்டடி பின்னால் வந்தாள். உள்ளே அடுக்கடுக்காகச் சவப்பெட்டிகள். அந்த இடம் 1833இல் காலரா வந்தபோது திறந்த இடுகாடு. அந்த வட்டாரத்தின் பெயர்தான் இன்பங்கள், அதுவே இடுகாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

“வெளிநாடு வந்த மறுநாளே சுடுகாட்டுக்குக் கூட்டிட்டு வந்த மருமகன் எனக்குத்தான் வாச்சிருக்கு” என்று அம்மா என்னிடம்தான் சொன்னாள், ஆனால் அவருக்குக் கேட்கும்படியாக. அப்பா மட்டும் நிதானமாகத் தெருத் தெருவாகச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு சமாதிக்கும் நம்பர் போட்டு, தெருவுக்குத் தெரு எண் போட்டிருந்தது அவருக்குத் திருப்தி.

பெலேமில் உள்ள ஜெரோனிமோஸ் மடத்தில் வாஸ்கோட காமாவின் கல்லறை இருக்கிறது. நுழைந்ததும் இடப்பக்கம், கைகூப்பிப் படுத்திருக்கும் கல் உருவம். 1498இல் கோழிக்கோட்டுக்குக் கப்பலில் வந்தவர், 1524இல் கொச்சியில் செத்தார். அங்கேயே புதைத்து, பிறகுதான் எலும்பைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். மடம் முழுக்க ஆசிய, ஆப்பிரிக்க வியாபாரத்தில் வசூலித்த வரிப்பணத்தில் எழுந்தது. தூண்களில் கயிறும் நங்கூரமும் செதுக்கியிருந்தார்கள். அப்பா கல்லறையை மூன்று சுற்றுச் சுற்றினார். “கொச்சியில இருந்து இவரை இங்க மாத்தினதுக்கு மூலப்பத்திரம் இருக்கா?” என்று கேட்டார். அம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம மொளகு காசுன்னா, டிக்கெட்டுல கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்.”

மடத்துக்குப் பக்கத்திலேயே 1837இலிருந்து இருக்கிற கடையில் முட்டைக் கஸ்டர்டு நிரப்பிய சின்னப் பணியாரம். மேலே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. “தீஞ்சத நம்ம தலையில கட்டிட்டான்” என்று திருப்பிக் கொடுக்கப் போனவளை உட்கார வைத்து ஒன்று வாயில் போட்டோம். அதற்குப் பிறகு அந்தப் புள்ளியைப் பற்றிப் பேச்சு இல்லை. ஆறு பேருக்கான தட்டு வந்தது, ஐந்து பேர் இருந்தோம், ஆறாவதை யார் தின்றார்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

அந்த ஊரின் உயிர்நாடி பக்கல்யாவ் என்கிற உப்புக் கண்டம் போட்ட காட் மீன். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை விதமாகச் சமைப்போம் என்று பெருமையடிப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் அம்மாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. “கருவாடு!” பலகை பலகையாக அடுக்கியிருந்ததைத் தட்டிப் பார்த்தாள். அந்த மீன் அவர்கள் கடலில் கிடையாது, நார்வே, ஐஸ்லாந்து பக்கமிருந்து வருகிறது என்று சொன்னபோதுதான் மனம் நொந்தாள். “வாசல்ல கடலை வச்சிக்கிட்டு வெளியூர்க் கருவாடா?” அன்று ராத்திரி வீட்டில் அதை ஊற வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டாள். மிளகாயை அமெரிக்காவிலிருந்து நமக்குக் கொண்டுவந்ததும் போர்ச்சுக்கீசியர்தான். வீட்டுக்கார அம்மாளுக்கு ஒரு கிண்ணம் போனது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து இருமல் சத்தம், பிறகு சிரிப்புச் சத்தம், பிறகு காலிக் கிண்ணத்தில் நான்கு எலுமிச்சம்பழம்.

ராத்திரிகளில் மகன் குடும்ப வாட்ஸாப் குழுவில் செய்தி போடுவான். ஆங்கில எழுத்தில் தமிழ். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது, தமிழை வேற்றெழுத்தில் எழுதுகிறவன் கைநாட்டு வைப்பவனை விடக் கேவலம் என்பார். கெட்ட நேரம், ஒரு நாள் நான் வாய்விட்டுவிட்டேன். தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது 1554இல், இதே லிஸ்பனில். நம் முத்துக்குளித்துறை மக்களுக்காகச் செய்த கிறிஸ்தவப் போதனைப் புத்தகம் அது. முழுத் தமிழும் ரோமன் எழுத்தில்! தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வந்தது 24 வருடம் கழித்து, 1578இல். மகன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா கோப்பைப் பார்த்தார். கோப்பில் அதற்குப் பதில் இல்லை.

சிந்த்ராவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. மலைமேல் பெனா அரண்மனை, ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு. என் கணவர் இருநூறு படம் எடுத்தார். அரண்மனை அடுக்களையில் வரிசையாகத் தொங்கிய செப்புப் பாத்திரங்களை அம்மா தொடாத குறையாகப் பார்த்து, “புளி போட்டுத்தான் தேய்க்காங்க, எனக்குத் தெரியும்” என்றாள். ராஜா ராணி அறைகளை நடந்தே கடந்துவிட்டாள். இன்னொரு மாளிகைத் தோட்டத்தில் 27 மீட்டர் ஆழத்துக்குச் சுற்றுப்படி வைத்த கிணறு இருக்கிறது. தண்ணீர் எடுக்க வெட்டியதல்ல, ஏதோ ரகசியச் சடங்குக்காம். அம்மா மேலே உட்கார்ந்துவிட்டாள். “தண்ணியில்லாத கெணறு பாக்க இவ்வளவு தூரமா? எங்க அண்ணன் தோட்டத்துல ரெண்டு கெடக்கு.”

அங்கிருந்து பஸ் பிடித்துக் காபோ த ரோக்கா. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி. சுமார் 140 மீட்டர் உயரப் பாறை, கீழே அட்லாண்டிக். காற்று ஆளைத் தூக்கியது, அம்மா சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றாள். அப்பா மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எழுதிக்கடா. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் கிழக்கு, பஸ் நிறுத்தத்துக்கும் மேற்கு...” வடக்கும் தெற்கும் காற்றில் போய்விட்டது.

அங்கே சுற்றுலா அலுவலகத்தில், நீங்கள் கண்டத்தின் மேற்குக் கோடிக்கு வந்தீர்கள் என்று பெயர் எழுதி, முத்திரை வைத்து ஒரு சான்றிதழ் தருகிறார்கள். காசுக்குத்தான். பயணம் முழுவதும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கக் கணக்குப் பார்த்த அப்பா, முதல்முறையாகத் தன் பனியன் பையைத் திறந்தார். சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முத்திரையை நகத்தால் தடவினார். எல்லாம் சரி, ஒன்றுதான் குறை.

“சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணுமே?”

பின்பக்கத்தில் போடலாம் என்று அவரே முடிவு செய்தார். முதல் சாட்சி அம்மா. ஒரே வீட்டுக்காரர்கள் இருவர் போட்டால் நன்றாக இருக்காது என்று, வெளியே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பிரேசில் பையனைத் தோளில் கைபோட்டுக் கூட்டி வந்தார். பேனா இல்லை. அம்மா மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கையை நீட்டி, “பேனா” என்றாள். அந்தப் பெண் முகம் இளகிப் போய் அம்மாவைப் பார்த்தாள். “பேனா, பேனா” என்றாள் அம்மா, காற்றில் கலைந்த தலையோடு. அந்தப் பெண் எழுந்து வந்து அம்மாவின் கையைத் தடவிக் கொடுத்தாள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு இறகு என்று ஒரு பொருள், ஐயோ பாவம் என்று இன்னொரு பொருள். பிரேசில் பையன்தான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

அந்தச் சான்றிதழ் இப்போது திருநெல்வேலி வீட்டு அலமாரியில், பட்டாவுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் நடுவில் இருக்கிறது. சாவி அம்மாவிடம்.