மதர்போர்டுப் புணரியல்

கணினி மேம்பாடு எனப்படுவது, வீட்டிலுள்ள மேசைக் கணினியைக் கைவிட மனமில்லாமலும் புதியது வாங்கப் பணமில்லாமலும், அதன் உறுப்புகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றி, புதுக் கணினியின் வேகத்தை அதன் விலையில் கால்பங்குக்குப் பெற முயலும் இல்லறச் செயலாகும். இதில் எழும் தலையாய ஐயம், வாங்கவிருக்கும் உறுப்பு இருக்கும் கணினியோடு சேருமா சேராதா என்பது. இதற்குப் பொருத்தம் என்று பெயர் வழங்குவதால், பலரும் சாதகப் பொருத்தத்தின் நினைவிலேயே இதனை அணுகுகின்றனர். அது பிழைபட்ட நெறி. சாதகத்தில் பத்துக்கு ஏழு அமைந்தால் மாலை மாற்றிவிடலாம், அமையாத மூன்றுக்குப் பரிகாரமும் உண்டு. கணினியிலோ ஒன்பது பொருந்திப் பத்தாவது பொருந்தாவிட்டாலும் திரை கறுப்பாகவே நிற்கும், உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்குவதும் இல்லை. ஆகவே இவ்வாராய்ச்சி சோதிடத்தை விடுத்து இலக்கணத்தைத் துணைக்கொள்கிறது. இரு சொற்கள் அடுத்தடுத்து நின்று சேர்வதைப் புணர்ச்சி என்ற நூலோர், முன்னிற்பதை நிலைமொழி என்றும் வந்து சேர்வதை வருமொழி என்றும் வகுத்தனர். மதர்போர்டை நிலைமொழியாகவும், அட்டைப்பெட்டியில் வந்திறங்கும் ஒவ்வோர் உறுப்பையும் வருமொழியாகவும் கொண்டால், இத்துறையில் இலக்கணத்துக்கு அடங்காத துயரம் என்று பெரிதாக ஒன்றும் எஞ்சாது.

ஆய்வுக்குள் புகுமுன் ஒரு சொல்லாட்சியைத் தெளிவுபடுத்துதல் நலம். சிபியு என்பது கணக்கிடும் சில்லை மட்டும் குறிக்கும் பெயர். தமிழ்நாட்டு வழக்கிலோ அது மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக மேசையடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் குறிக்கும். உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகி வருதலால் இது சினையாகுபெயர், 'தலைக்கு ஒரு பழம்' என்பதுபோல. இதனால் சென்னை ரிச்சி தெருவில் 'சிபியு மாற்ற எவ்வளவு ஆகும்' என்று ஒருவர் கேட்கும்போது, கடைக்காரர் இயற்பெயராகக் கொண்டு சில்லின் விலையைச் சொல்வதா, ஆகுபெயராகக் கொண்டு பெட்டியின் விலையைச் சொல்வதா என்பது கேட்பவரின் செருப்பைப் பார்த்து முடிவாகிறது என்பாரும் உளர். குழப்பம் தவிர்க்க, இனிச் சில்லு பிராசசர் என்றும் பெட்டி கேபினெட் என்றும் வழங்கப்படும்.

நிலைமொழி இன்னதென்று அறியாமலே வருமொழியைத் தேடிப் புறப்படுவோர்தாம் உலகில் மிகுதி. கேபினெட்டின் பின்புறத்து இரண்டு திருகுகளைக் கழற்றி இடப்பக்கத் தகட்டை இழுத்து, ஆண்டுக்கணக்கில் படிந்த தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நீக்கி, செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ரேம் துளைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு துளைக்கும் இடையில் எங்காவது போர்டின் பெயர் வெள்ளை எழுத்தில் தென்படும். தூசி ஒவ்வாதவர், விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டி, பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியைப் படித்துக்கொள்ளலாம். பெயர் தெரிந்தபின் புரட்ட வேண்டிய நிகண்டு, போர்டு செய்த நிறுவனம் வெளியிடும் பிராசசர் ஆதரவுப் பட்டியல். அதன் ஓரத்தில், ஒவ்வொரு பிராசசருக்கும் எதிரே, எந்தப் பதிப்பு பயாஸ் தேவை என்று குறித்திருக்கும். பயாஸ் என்பது கணினி கண்விழிக்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்துள்ள நிரல். புதிய பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும் என்பதும், கழற்றிவிட்டு நினைவுவந்தால் பெரும்பாலான போர்டுகளில் பழையதையே மீண்டும் அமர்த்தாமல் ஏற்ற வழியில்லை என்பதும், இத்துறையின் மாணாக்கர் பெரும்பாலும் பிற்பகலில் கற்றுக்கொள்ளும் பாடங்கள்.

புணர்ச்சி இயல்பு, விகாரம் என இருவகைப்படும். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பது நன்னூல் வழக்கு. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆவதுபோல எவ்வித மாற்றமுமின்றி நிகழ்வது இயல்பு. பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் சாட்டா வகை எஸ்எஸ்டி சேர்வது இதற்கு ஏறக்குறைய ஒரே தூய எடுத்துக்காட்டு. இரண்டு கேபிள்கள், நான்கு திருகுகள், பெரும்பாலும் வேறெதுவும் கேளாது. அடுத்தடுத்து வந்த சாட்டா தலைமுறைகள் முந்தியவற்றோடு முரண்படாமல் வந்தமையே காரணம். குறைந்த செலவில் பெரும்பயன் தருவதும் இதுவே ஆதலால், அறிவுடையோர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். ஆராய்ச்சியாளர் அவ்வாறு நிற்பதில்லை.

வாழையும் பழமும் சேருமிடத்து யாரும் அழையாத 'ப்' ஒன்று இடையே தோன்றுகிறது. சிக்கனக்காரரின் கையிருப்பைக் கரைப்பது இந்தத் தோன்றல் விகாரமே. ரைசன் 3 2200ஜி பிராசசர் வைத்திருந்தவர், அதே ஏஎம்4 சாக்கெட்டில், அதாவது பிராசசர் அமரும் அதே மேடையில், ரைசன் 5 5600 அமரும் என்று நிகண்டில் கண்டு வாங்குகிறார். பயாஸும் ஏற்றுகிறார், திரையில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. ஜி என்பது படம் காட்டும் ஆற்றல் உள்ளடங்கியது என்பதை உணர்த்தும் உடன்பாட்டு விகுதி. அது இல்லாத 5600 தானாகப் படம் காட்டாது. இன்டெல் வழக்கில் எஃப் என்னும் எதிர்மறை விகுதி இப்பொருளையே தரும். அவ்விகுதி பெற்றவை சற்று மலிவாக இருப்பதால் கண்கள் முதலில் அங்கேயே செல்லும். ஆகவே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு தோன்றுகிறது. போர்டின் துளை 75 வாட்டுக்கு மேல் தராது. அதற்கு மேல் வேண்டும் கார்டு ஆறு முனைச் செருகியில் 75, எட்டு முனைச் செருகியில் 150 வாட் எனத் தனியே கேட்கும். அச்செருகி, உறுப்புகளுக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் இல்லை, எனவே புதிய எஸ்.எம்.பி.எஸ் தோன்றுகிறது. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்ஸின் மேல் 450 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பல வேளைகளில் உயர்வு நவிற்சி அணி. அதே தாளில் பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பார்க்க, பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட்டே. கார்டின் நீளம் ஹார்டு டிஸ்க் கூண்டில் இடிக்குமாயின் புதிய கேபினெட்டும் தோன்றும். ஒரு பிராசசரில் தொடங்கிய இச்சொற்றொடர் எங்கு முடியும் என்பதற்கு நூற்பா இல்லை.

திரிதல் அவ்வளவு கொடிதன்று. பணம் கேட்காது, மனத்தை மட்டும் வருத்தும். பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல, வந்த உறுப்பு உருமாறிப் பணிபுரியும். ஐ5 7400 பிராசசரும் பி250 போர்டும் உள்ள கணினியில் 3200 என்று எழுதிய டிடிஆர்4 ரேமைச் செருகினால் அது 2400இல் ஓடும். வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களை இணைத்தால், மாட்டுவண்டி வழக்கப்படி, மெல்ல நடப்பதன் வேகமே இரண்டுக்கும். ஸ்டிக்கரில் 3200 அப்படியே இருக்கும் என்பது ஓர் ஆறுதல். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் 288 முனைகள் கொண்டவையாயினும், கீழ்விளிம்பின் வெட்டு இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் துளையில் மற்றது இறங்காது. இது விகாரம் அன்று, புணர்ச்சியின்மை. இவ்விடத்தில் கட்டைவிரல் வலிமையைக் காட்டுவோர் போர்டை இழப்பர்.

மரமும் வேரும் மரவேர் ஆகும்போது மகரம் கெடுவதுபோல, வருமொழி வந்தவுடன் நிலைமொழியின் ஈறு மறைவது கெடுதல். பல போர்டுகளில் எம்.2 துளையில் குச்சி வடிவ எஸ்எஸ்டியைச் செருகினால், சாட்டா போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோ ஓய்ந்துவிடும். இரண்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். அந்தப் போர்ட்டில் கல்யாணப் படங்கள் நிறைந்த ஹார்டு டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தால் வீட்டில் எழும் ஓலம் வேறு இயலுக்குரியது. கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்ற, படங்கள் மீளும்.

இவையனைத்தினும் ஆராயத்தக்கது பலபொருள் ஒருசொல். 2015இல் இன்டெல் ஆறாம் தலைமுறைப் பிராசசர்களோடு வந்த சாக்கெட்டுக்கு எல்ஜிஏ 1151 என்று பெயர். தொடுமுனைகளின் எண்ணிக்கையே பெயராயிற்று. 2017இல் எட்டாம் தலைமுறை வந்தபோதும் பெயர் 1151, எண்ணிக்கையும் அதுவே. ஆயினும் முன்பு ஒதுக்கிவைத்திருந்த முனைகளில் சில மின்சாரம் கொண்டுசெல்லும் பணிக்கு மாற்றப்பட்டதால், ஆறு, ஏழாம் தலைமுறைக்கான 100, 200 வரிசைப் போர்டுகளில் எட்டாம் தலைமுறைப் பிராசசர் இயங்காது. 300 வரிசை வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபின் இவ்வேறுபாடு வீட்டுச் சிக்கலாயிற்று. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியல் பொதுவாக எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறை வைத்திருப்பவர், 'அடுத்தது ஒன்றுதானே, சாக்கெட்டும் ஒன்றுதானே' என்று செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கிவருகிறார். அது அமர்கிறது, தாழும் பூட்டுகிறது, பேசத்தான் இல்லை. இலக்கண நூல்களில் புறனடை உண்டாதலின் இங்கும் உண்டு: திருத்திய பயாஸை ஏற்றி, சில முனைகளை நாடாவால் மூடி, பழைய போர்டில் இதனை ஓட்டிக் காட்டினோர் உளர். அது வழுவமைதி, மாதத் தவணை கட்டுவோர்க்கு விதிக்கப்பட்டதன்று.

மணியும் அழகும் சேர யகரம் இடையில் வந்து உடம்படுத்துவதுபோல, சேராத இரண்டைச் சேர்க்கும் உடம்படுமெய்யும் இத்துறையில் உண்டு. அதற்கு அடாப்டர் என்று பெயர். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் சில, உலகோர் வழங்கும் 24 முனைச் செருகியை விடுத்து, எட்டோ ஆறோ முனைகொண்ட தம் வட்டாரவழக்கைப் பேசுவன. சில நூறு ரூபாய்க் கேபிள் ஒன்று இடைநின்று மொழிபெயர்க்கும். மெலிந்த கேபினெட்டுக்குப் பாதி உயரக் கார்டே தேவை என்னும் இடத்தில் எந்த மெய்யும் உடம்படுத்தாது.

இறுதியாக எச்சவியல். மேம்பாடு முடிந்தபின் ஒரு பிராசசரும், நான்கு ஜிபி ரேம் இரண்டும், எதிலும் ஒருபொழுதும் பொருந்தாத ஒரு கூலரும் எஞ்சி, ஷூ பெட்டியில் பரணேறும். முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பது எச்சம் என்ற இலக்கணப்படி இவை ஒரு போர்டை வேண்டி நிற்கின்றன. 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை ஏறியபின் அப்பெட்டி சில வீடுகளில் பரணிலிருந்து பீரோவுக்கு மாறிற்று. வைத்திருப்பவர், இதற்கேற்ற போர்டு ஒன்று மட்டும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பிள்ளைக்கு இன்னொரு கணினி ஆகிவிடும், செலவே இல்லை, என்று இரவு உணவின்போது வீட்டில் சொல்லிப் பார்க்கிறார். இம்முறை வருமொழி கையிலிருக்க, நிலைமொழியைத் தேட வேண்டியிருக்கிறது.