மூக்கு பார்த்த உத்தியோகம்

எங்கள் காலத்து ரசாயனக்காரர்களுக்கு மூக்குதான் கருவி. பேட்டரி கேட்காது. வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழ் புதுப்பிக்க வேண்டாம். வாங்கித் தரச்சொல்லி முதலாளியிடம் மூன்று கொட்டேஷன் நீட்டவும் வேண்டாம்.

எழுபதுகளில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்களுக்கு இந்தக் கருவியை இயக்க முறையான பயிற்சி உண்டு. ஸால்ட் அனாலிசிஸ் நாளன்று ஆய்வகத்தின் மூலையில் கிப் உபகரணம் வேலை செய்துகொண்டிருக்கும். இரும்பு சல்பைடுத் துண்டுகளின் மேல் நீர்த்த அமிலம் ஏறினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அந்த வாயுவைக் கரைசலுக்குள் விட்டால் செம்பு கறுப்பாகவும் காட்மியம் நல்ல மஞ்சளாகவும் படியும். மதியம் விடுதிச் சாப்பாட்டுக்குப் போனால் பொருளாதாரத் துறை மாணவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அமிலத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி எடுத்தோம். கையில் ஒட்டிய பிசுக்கைப் பென்சீன் ஊற்றிக் கழுவினோம். மணமாகவும் இருந்தது, சோப்புச் செலவும் மிச்சம்.

அந்தப் பென்சீனின் ஜாதகத்தைப் பிற்பாடுதான் படித்தேன். அமெரிக்காவில் 1938-இல் தொடங்கிய ஏசிஜிஐஹெச் என்ற அமைப்பு, வேலையிடக் காற்றில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. பெயரில் ‘அரசு’ உண்டு, ஆனால் அது அரசு அமைப்பு அல்ல. அதன் எண்கள் ஆலோசனைதான், சட்டம் இல்லை. 1946-இல் அது பென்சீனுக்கு 100 பிபிஎம் கொடுத்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு. எழுபதுகளின் பிற்பகுதியில் அது பத்தாயிற்று, 1997-இல் 0.5 ஆயிற்று, 2024-இல் 0.02-க்கு இறங்கிவிட்டது. முதல் எண்ணில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை ஆண்டுகளில் பென்சீன் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அது தாக்கும் நம் எலும்பு மஜ்ஜையும் மாறவில்லை. 1946-இல் அந்த எண்ணை நம்பி மூச்சு விட்டவர்களுக்குத் திருத்தப்பட்ட பதிப்பு போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

படிப்பு முடிந்ததும் பாலாற்றங்கரையில் ஒரு டேனரியில் கெமிஸ்ட் வேலை. பச்சைத் தோலிலிருந்து மயிர் கழிய, சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரை சல்பைடு சாதுவாகத் தண்ணீரிலேயே கிடக்கும். காரம் குறையக் குறைய வாயுவாகக் கிளம்பும். அமிலம் பட்டால் மொத்தமாகக் கிளம்பும். டேனரியிலோ அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாமே காரத்தைக் குறைப்பவை. சரியாகக் கழுவாத தோல் அமிலம் ஊற்றிய டிரம்முக்குள் போனாலும், சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில் சந்தித்தாலும் அதே வாயுதான், ஹைட்ரஜன் சல்பைடு. கல்லூரியில் குடுவை அளவில் பார்த்ததை அங்கே கிணறு அளவில் பார்த்தேன்.

அங்கே நான் கெமிஸ்ட் என்று பெயர்தான். ஆய்வகம் என்பது மேஸ்திரியின் மூக்கு. டிரம்மின் கதவைத் திறந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். “இன்னும் போகல சார், ரெண்டு தண்ணி காட்டணும்” என்பார். நான் ஈய அசிடேட் தாளை நனைத்துப் பிடிப்பேன், அது கறுக்கும். தாள் சொன்னதைத்தான் மேஸ்திரி முன்னமே சொல்லியிருப்பார். அவரை மதிக்காமல் இருக்க முடியாது. இன்னொரு கருவியும் எங்களிடம் இருந்தது, நாங்கள்தான் அதைக் கருவி என்று நினைக்கவில்லை. தோல் விரிக்க வரும் பெண்களின் வெள்ளி மெட்டி கறுத்துப்போகும். விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். சில நாளில் மறுபடி கறுக்கும். எந்தத் தொட்டியருகே வேலை செய்பவரின் மெட்டி சீக்கிரம் கறுக்கிறது என்று யாராவது குறித்துவைத்திருந்தால் ஒரு வாயு வரைபடமே கிடைத்திருக்கும்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமலில்லை. நாளுக்கு ஒரு துண்டு வெல்லம் உண்டு. வெல்லம் தூசியை இறக்கிவிடும் என்று நம்பிக்கை. சில தொழிற்சாலைகளில் பால், சிலவற்றில் வாழைப்பழம். வாயு போவது மூச்சுக்குழாயில், பால் போவது உணவுக்குழாயில் என்ற சின்னச் சிக்கலை யாரும் பொருட்படுத்தவில்லை. பால் படியை நிறுத்தினால் மட்டும் வேலைநிறுத்தம் வரும்.

மூக்கைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு ஒரு பிபிஎம்முக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றமாக மூக்கில் ஏறும். 100 பிபிஎம் வாக்கில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். 500-ஐத் தாண்டினால் ஆள் சாய்வதற்கு அதிக நேரம் வேண்டாம். அதாவது ஆபத்து சிறிதாக இருக்கும்போது கூப்பாடு போட்டுவிட்டு, ஆபத்து பெரிதானதும் மூக்கு வாயை மூடிக்கொள்ளும். “நாத்தம் அடங்கிடுச்சு, எறங்கலாம்” என்ற வாக்கியத்தை அந்த வட்டாரத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். காற்றைவிடக் கனமான வாயு. தொட்டியின் அடியில்தான் தங்கும். முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இரண்டாவது ஆள் இறங்குவார், அவருக்காக மூன்றாவது ஆள். மூடிய தொட்டி, குழி போன்ற இடங்களில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-இல் எழுதியது.

நம் சட்டத்துக்கு எண்கள் வந்தது போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு. 1984 டிசம்பரில் ஊர் செத்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எஃப் என்ற பிரிவும், ரசாயனங்களுக்கு உச்ச வரம்பு சொல்லும் அட்டவணையும் சேர்ந்தன. போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட்டுக்கு 0.02 பிபிஎம் என்று அதில் ஒரு வரி உண்டு. ஹைட்ரஜன் சல்பைடுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 10 பிபிஎம். பதினைந்து நிமிடத்துக்கு 15 பிபிஎம். நூறு கனமீட்டர் கொட்டகையில் ஒரு லிட்டர் வாயு கலந்தாலே பத்து பிபிஎம் ஆகிவிடும். பட்டியலைப் படித்த அன்று இனி மூக்குக்கு ஓய்வு என்றே நினைத்தேன்.

ஓய்வு எனக்குத்தான் வந்தது. இப்போது பாதுகாப்புப் பயிற்சி வகுப்பெடுக்கத் தொழிற்சாலைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். வாசலிலேயே ‘பாதுகாப்பே முதன்மை’ பலகை. உள்ளே ரசாயனத் தகவல் தாள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, ஆங்கிலத்தில், மேலாளர் அறையைப் பார்த்தபடி. நான்கு வாயுவை அளக்கும் மீட்டரும் வாங்கியிருக்கிறார்கள். பத்து பிபிஎம் ஆனால் கூவும். கூவிக்கொண்டே இருந்தால் வேலை கெடுகிறது என்பதால் அது பீரோவில் இருக்கிறது. ஆடிட் வரும் நாளில் வெளியே வரும். கொரோனாவுக்குப் பிறகு வெல்லத்தின் இடத்துக்கு என்95 வந்துவிட்டது. தூசிக்கு அது நல்ல முகக்கவசம். வாயுவுக்கோ அது வாசல் திறந்த வீடு. வாயுவைப் பிடிக்கத் தனி கேட்ரிட்ஜ் வேண்டும். குழிக்குள் ஆக்சிஜன் குறைந்திருந்தால் கேட்ரிட்ஜும் உதவாது, வெளியிலிருந்து காற்று தரும் கருவி வேண்டும். இதைச் சொன்னதும் மனிதவள அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அறிக்கைகளைப் பார்க்க வேண்டுமே, அழகு! ஓர் ஆலையில் காற்று மாதிரி எடுத்த இடம் வாயில்காப்பாளர் அறைக்கு அருகில், வேப்பமரத்தடி. முடிவு ‘பி.டி.எல்.’, அதாவது கருவி கண்டறியும் அளவுக்கும் கீழே. வேப்பமரத்துக்கு ஹைட்ரஜன் சல்பைடு பாதிப்பு இல்லை என்பதற்கு முத்திரையிட்ட சான்றிதழ். மாதிரி எடுக்க வேண்டியது வேலை செய்பவரின் சட்டைக் காலரில் குழாயை மாட்டி, அவர் மூச்சு விடும் இடத்தில். அவரோ குழிக்குள் இருக்கிறார்.

குழிக்குள் இறங்கும் காண்டிராக்ட் தொழிலாளியின் கணக்கும் விசித்திரமானது. அவர் 200 பிபிஎம் வாயுவில் இருபது நிமிடம் நிற்கிறார் என்று வையுங்கள். மூக்கு செத்துவிட்ட அளவு அது. அதையே எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 8.3, வரம்புக்குள் அடக்கம்! இந்தக் கூத்தைத் தடுக்கத்தான் பதினைந்து நிமிட வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே வேப்பமரத்து அறிக்கையில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தது.

எட்டு மணி நேரம் என்பதும் இப்போது பழைய பழக்கம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வெளிப்பாடு கூடும், உடல் தேறும் நேரம் குறையும். 1975-இல் பிரீஃப், ஸ்காலா என்ற இருவர் கொடுத்த சூத்திரத்தின்படி பன்னிரண்டு மணி நேரத்துக்கு வரம்பைப் பாதியாக்க வேண்டும். பத்து ஐந்தாகும். இதற்கிடையில் 2010-இலேயே அமெரிக்காவின் ஏசிஜிஐஹெச் பட்டியல் ஹைட்ரஜன் சல்பைடை 1 பிபிஎம்முக்கு இறக்கிவிட்டது. நம் பலகைகளில் பத்து பத்தாகவே இருக்கிறது. அமெரிக்காவை மெச்சவும் வேண்டாம். அங்கே சட்டமாக இருக்கும் எண்களில் பெரும்பாலானவை அதே அமைப்பின் 1968-ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து எடுத்தவை.

இங்கே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பரில் வந்திருக்கிறது. வரம்பு எண்களை நிர்ணயிக்கும் வேலை அதில் மாநில அரசுகளின் விதிகளுக்குப் போய்விட்டது. ஒன்றா பத்தா என்று மாநிலமே முடிவு செய்யலாம் என்பது நல்ல வாய்ப்பு. வாய்ப்பு பீரோவுக்குள் போகாமல் இருக்க வேண்டும்.

தன் உடல்நலம் பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப்பெறும் உரிமை தொழிலாளிக்குப் பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. ஆகவே நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ ஆலை வேலைக்குப் போவதானால் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: காற்றைக் கடைசியாக அளந்தது எந்தத் தேதியில்? யாருடைய காலரில் குழாயை மாட்டினீர்கள்? பதினைந்து நிமிடக் கட்டத்தில் என்ன எண் வந்தது? எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.